மைக்ரேனுக்குக் காரணம் மனக்கவலை என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் மைக்ரேன் என்ற ஒற்றைத் தலைவலி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கவலை, கோபம், அதிக யோசனை இவைதான் இதற்குக் காரணம் என்றும், மனதை அமைதியாக வைத்துக்கொண்டால் தானே போய்விடும் என்றும், தாங்க முடியாத நாளில் மருந்துக்கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்றும் அதில் எழுதியிருந்தது. நான் பெங்களூரு அல்சூரில், மார்க்கெட்டை ஒட்டிய தெருவில் மருந்துக்கடை வைத்திருப்பவள். டி.ஃபார்ம் படித்த மருந்தாளுநர். உங்கள் பத்திரிகை எங்கள் தெருவில் டீக்கடை, சலூன், பூக்கடை என்று எல்லா இடத்திலும் கிடக்கும். ஒருவர் வாங்கினால் பத்துப் பேர் படிப்பார்கள். அந்தக் கட்டுரையை நம்பி யார் யார் என் கடைப் படியேறுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம்.

காலையில் ஷட்டரைத் தூக்கும் நேரத்துக்கே வந்து நிற்கும் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். சோமேஸ்வரர் கோயில் பக்கம் பூக்கட்டி விற்பவர். இருட்டோடு கே.ஆர். மார்க்கெட்டுக்குப் போய் உதிரிப்பூ வாங்கி வந்து, அதன் பிறகுதான் அவருக்கு அன்றைய பொழுதே தொடங்கும். தலைவலி நாளில் அவர் வருவது தூரத்திலேயே தெரிந்துவிடும். முந்தானையை நெற்றியைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருப்பார். இடது கண் பாதி மூடியிருக்கும். பெருவிரலால் நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டே, என் கடை டியூப்லைட் கண்ணில் படாதபடி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பித்தான் பேசுவார். மல்லிகை விற்றுப் பிழைப்பவருக்கு அன்றைக்கு மல்லிகை வாசனையே குமட்டும். "அக்கா, அந்த மாத்திரை ஒரு அட்டை குடுங்க." இவ்வளவுதான் பேச்சு. அதற்கு மேல் பேசினால் வாந்தி வந்துவிடும் என்று வாயைப் பொத்திக்கொள்வார்.

வீட்டில் மாமியார், "வேலை செய்ய வளையல, அதான் தலைவலின்னு படுத்துக்குது" என்கிறாராம். கணவர் நல்லவர்தான். ஆனால் அவரும், "நீ ரொம்ப யோசிக்கிற, அதான்" என்கிறார். இப்போது உங்கள் பத்திரிகையும் அதையே அச்சில் போட்டுவிட்டது. பேப்பரிலேயே போட்டிருக்கிறான் என்றால் நம் மக்களுக்கு அதற்கு மேல் அப்பீல் கிடையாது. இனி அந்தப் பெண் டாக்டரிடம் போக வேண்டும் என்று சொன்னால் வீட்டில் யார் காசு கொடுப்பார்கள்?

மைக்ரேன் ஒரு நரம்பு நோய். மூளைத் தண்டுக்குப் பக்கத்திலிருந்து முகத்துக்கு வரும் டிரைஜெமினல் என்ற நரம்பு மூன்றாகப் பிரிகிறது. ஒரு கிளை நெற்றிக்கும் கண்ணுக்கும், ஒன்று மேல்தாடைக்கும் கன்னத்துக்கும், ஒன்று கீழ்த்தாடைக்கும் போகிறது. இதே நரம்பின் நுனிகள் மூளையைச் சுற்றியுள்ள சவ்விலும், அங்கே ஓடும் ரத்தக் குழாய்களின் மேலும் பரவிக் கிடக்கின்றன. மைக்ரேன் வரும்போது இந்த நுனிகள் சில பெப்டைடுகளைக் கக்குகின்றன. அமினோ அமிலங்கள் கோத்த சிறு சரங்கள்தான் பெப்டைடுகள். நரம்பு அணுக்களே இவற்றைத் தயாரித்து, தங்களுக்குள் செய்தி சொல்லப் பயன்படுத்துவதால் நியூரோபெப்டைடு என்கிறோம். மைக்ரேனில் இவற்றில் முதன்மையானது கால்சிட்டோனின் ஜீன் ரிலேட்டட் பெப்டைடு, சுருக்கமாக சிஜிஆர்பி. 37 அமினோ அமிலங்கள் கொண்டது. இது வெளியே வந்தால் ரத்தக் குழாய் விரிகிறது. அதைவிட முக்கியமாக, பக்கத்து நரம்பு இழைகளின் கூருணர்வு ஏறிவிடுகிறது. சாதாரண நாளில் வலியாகவே தெரியாத நாடித்துடிப்பு அன்றைக்குச் சம்மட்டி அடியாக விழுவது இதனால்தான். குனிந்தால் வலி, படியேறினால் வலி, இருமினால் வலி என்பதும் இதே கதைதான். அந்தச் செய்தி மூளைத் தண்டுக்கும் அங்கிருந்து மூளைக்குள் உணர்வுச் செய்திகள் வந்து சேரும் தாலமஸுக்கும் ஏறும்போது வெளிச்சம், சத்தம், வாசனை எதுவுமே தாங்க முடியாமல் போகிறது. கழுத்து நரம்புகளும் அதே இடத்தில் வந்து சேர்வதால் பிடரியும் சேர்ந்து வலிக்கிறது. "தலையணை சரியில்லை, கழுத்து பிடிச்சுக்கிச்சு" என்று ஆயின்மென்ட் வாங்கிப் போகிறவர்களில் பலருக்கு உள்ளே நடப்பது இதுதான்.

மருந்தாளுநர்களுக்கான பயிற்சி வகுப்பு ஒன்றில் இந்தக் கதையை முதலில் கேட்டேன். அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்து வருகிறேன். வாசகர்களுக்கும் இது தெரியட்டும் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிஜிஆர்பி என்று ஒன்று இருக்கக்கூடும் என்பது 1982ல் மரபணு ஆராய்ச்சியில்தான் தெரிய வந்தது. அப்போது அதைத் தலைவலியோடு யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. 1990ல் பீட்டர் கோட்ஸ்பி, லார்ஸ் எட்வின்சன் என்ற ஆராய்ச்சியாளர்கள் இருவரும் ஒரு வேலை செய்தார்கள். மைக்ரேன் நடந்துகொண்டிருக்கும்போதே நோயாளிகளின் கழுத்துச் சிரையிலிருந்து ரத்தம் எடுத்தார்கள், கையிலிருந்தும் எடுத்தார்கள். கழுத்து ரத்தத்தில் சிஜிஆர்பி ஏறியிருந்தது, கையில் எடுத்ததில் ஏறவில்லை. தலைக்குள்ளிருந்து வரும் ரத்தத்தில் மட்டும் அது கூடியிருந்தது என்று அர்த்தம். அடுத்து 1993ல், மைக்ரேன் வலியை அடக்கும் சுமாட்ரிப்டான் ஊசி போட்டு வலி இறங்கியவர்களைப் பார்த்தார்கள். வலி இறங்க இறங்க சிஜிஆர்பியும் பழைய அளவுக்கு இறங்கியது.

சரி, வலி வந்ததால் அது கூடியதா, அது கூடியதால் வலி வந்ததா என்று கேட்கலாம். அதற்கும் பதில் கிடைத்தது. 2002ல் கோபன்ஹேகனில், மைக்ரேன் உள்ளவர்களுக்கு 20 நிமிடம் சிஜிஆர்பியை ரத்தக் குழாய் வழியே ஏற்றினார்கள். அவர்களுக்குத் தலைவலி வந்தது. சிலருக்குச் சில மணி நேரம் கழித்து, வழக்கமாக வரும் மைக்ரேனைப் போலவே வந்தது. மைக்ரேன் இல்லாதவர்களுக்கு இதை ஏற்றினால் பெரும்பாலும் லேசான தலைபாரத்தோடு போய்விடுகிறது. ஆசிரியர் ஐயா, இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அந்த ஆய்வில் யாரும் அவர்களுக்குக் கவலையை ஏற்றவில்லை, சண்டையை மூட்டவில்லை. ஒரு பெப்டைடு உள்ளே போனது, மைக்ரேன் வந்தது. 2004ல் இதன் மறுபக்கத்தையும் காட்டிவிட்டார்கள். சிஜிஆர்பி போய் உட்காரும் இடத்தை அடைக்கும் ஓல்செஜிபேன்ட் என்ற மருந்தை மைக்ரேனின்போது செலுத்தியதில் 66 சதவீதம் பேருக்கு வலி தணிந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தே கலக்காத போலி மருந்து பெற்றவர்களில் 27 சதவீதம் பேருக்குத்தான் தணிந்தது. இந்தப் பாதையைக் கண்டுபிடித்ததற்காக 2021ல் கோட்ஸ்பி, எட்வின்சன், மைக்கேல் மாஸ்கோவிட்ஸ், யெஸ் ஓலெசன் நால்வருக்கும் மூளை ஆராய்ச்சிக்கான டென்மார்க்கின் பிரெய்ன் பிரைஸ் கொடுத்தார்கள்.

எல்லாப் பெப்டைடும் ஒரே மாதிரி கைகொடுத்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சப்ஸ்டன்ஸ் பி என்ற இன்னொரு பெப்டைடு 1931லேயே கண்டுபிடிக்கப்பட்டது. அதே டிரைஜெமினல் நரம்பு நுனிகளில் அதுவும் இருக்கிறது. அதைத் தடுத்தால் மைக்ரேன் நிற்கும் என்று நம்பி மருந்துகள் செய்து பார்த்தார்கள். ஒன்றும் தேறவில்லை. இப்போது பாக்காப் என்ற பெப்டைடின் மேல் கவனம் திரும்பியிருக்கிறது. அதை ஏற்றினாலும் மைக்ரேன் வருகிறது. அதைப் பிடித்து முடக்கும் ஊசி ஒன்றின் ஆய்வு முடிவு 2024ல் வந்தது. வேறு தடுப்பு மருந்துகள் பலிக்காதவர்களுக்கு, அடுத்த 4 வாரத்தில் மைக்ரேன் நாட்கள் சராசரியாக 6.2 குறைந்தன. போலி மருந்தில் 4.2 குறைந்தன. இன்னும் கடைக்கு வரவில்லை, ஆய்வில்தான் இருக்கிறது. சிஜிஆர்பி மருந்து பலிக்காதவர்களுக்கு ஒரு வழி கிடைக்குமா என்று நான் காத்திருக்கிறேன்.

இன்னொன்றையும் உங்கள் கட்டுரை தொடவே இல்லை. பெங்களூரில் யாருக்குத் தலை வலித்தாலும் "சைனஸ்" என்பார்கள். குளிர், தூசி, மழை என்று ஊரின் மேல் பழியைப் போட்டுவிடுவது சுலபம். மூக்கடைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிந்து, நெற்றியும் கன்னமும் வலிக்கிறது, அதனால் சைனஸ் என்று அவர்களே முடிவுகட்டி, ஆவி பிடிக்கும் கேப்ஸ்யூலும் ஆன்டிபயாடிக்கும் கேட்டு வருவார்கள். மைக்ரேனிலும் மூக்கடைக்கும், கண்ணில் நீர் வரும். டிரைஜெமினல் நரம்பு தூண்டப்படும்போது அதோடு சேர்ந்த இன்னொரு நரம்பு வழியும் விழித்துக்கொள்கிறது. விஐபி என்ற வேறொரு பெப்டைடு அங்கே சுரந்து, மூக்கின் உள்சவ்வை வீங்கவும் நீர்விடவும் வைக்கிறது. அமெரிக்காவில் 2004ல் வெளியான ஆய்வு ஒன்றில், தங்களுக்கு சைனஸ் தலைவலி என்று நம்பியிருந்த, அல்லது டாக்டரே அப்படிச் சொல்லியிருந்த 2,991 பேரைச் சோதித்தார்கள். 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. சளி பச்சையாகவோ மஞ்சளாகவோ வராமல், காய்ச்சல் இல்லாமல், மாதாமாதம் வந்து ஒன்றிரண்டு நாளில் தானே போகிற "சைனஸ்" என்றால் ஒரு தடவையாவது நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள் என்று என் கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன்.

தலைக்குக் குளித்தால் தலைவலி வருகிறது என்று நம் பெண்கள் சொன்னால் "நீர் கோத்துக்கிச்சு" என்று பாட்டி சாம்பிராணி போடுவார். டாக்டர்கள் சிரிப்பார்கள். மும்பையின் தலைவலி நிபுணர் கே. ரவிசங்கர் சிரிக்கவில்லை. தலைக்குக் குளித்தால் மைக்ரேன் தூண்டப்படும் 94 இந்திய நோயாளிகளைப் பற்றி 2006ல் ஒரு தலைவலி மருத்துவ இதழில் எழுதினார். நம் ஊர்ப் பெண்கள் காலங்காலமாகச் சொல்லி வந்ததை ஒருவர் உட்கார்ந்து கேட்டு எழுதியதால்தான் அது மருத்துவ உண்மையாகப் பதிவானது. அந்தக் கட்டுரையைப் பற்றி அறிந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஆனால் தலைக்குக் குளிப்பதும், விரதமிருந்து சாப்பிடாமல் கிடப்பதும், தூக்கம் கெடுவதும், வெயிலில் அலைவதும் தூண்டுகிறவை. ஏற்கெனவே மைக்ரேன் உள்ள உடம்பைத்தான் அவை தூண்டும். கவலையும் அதே வரிசையில் வைக்க வேண்டிய ஒன்றுதான். அதைத் தனியாக எடுத்து அதுதான் நோய் என்று எழுதியதில்தான் உங்கள் கட்டுரை தவறிவிட்டது.

இப்போது மாத்திரைக்கு வருகிறேன். எனக்கு அதிகம் பதறுவது இங்கேதான்.

அந்தப் பூக்காரப் பெண் கேட்கும் மாத்திரையில் எர்காட்டமின், கஃபீன், பாராசிட்டமால், வாந்தியை அடக்கும் மருந்து நான்கும் இருக்கின்றன. எர்காட்டமின் ரத்தக் குழாய்களை இறுக்கும். கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள் தொடவே கூடாது. எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது இதைப் போட்டால் உடம்பிலிருந்து வெளியேறாமல் தங்கி, கை கால் விரல்களுக்கு ரத்தம் போகாமல் செய்துவிடும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மாத்திரை இது. நான் கொடுப்பதில்லை. நான் கொடுக்காவிட்டால் நான்கு கடை தள்ளிப் போய் வாங்கிவிடுவார்கள், அதுவும் தெரியும். ஆனால் இல்லை என்று சொல்லி அனுப்பாமல், ஸ்டூலில் உட்காரவைத்து, லைட்டை அணைத்துவிட்டு, மாதத்தில் எத்தனை நாள் மாத்திரை போடுகிறாய் என்று கேட்பேன். அநேகமாக யாரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எண்ண வேண்டும். எர்காட்டமின், சுமாட்ரிப்டான் போன்ற டிரிப்டான், அல்லது இரண்டு மூன்று மருந்து சேர்ந்த வலி மாத்திரையை மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ, வெறும் பாராசிட்டமாலோ ஐபுப்ரோஃபெனோ 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து போட்டால் அந்த மாத்திரையாலேயே தலைவலி வரத் தொடங்கும். எலிகளுக்குத் தொடர்ந்து டிரிப்டான் கொடுத்துப் பார்த்தபோது, டிரைஜெமினல் நரம்பு அணுக்களில் சிஜிஆர்பி கூடியிருந்ததைக் கண்டார்கள். எதை அடக்க மாத்திரை போடுகிறோமோ அதற்கே தீனி போடுவது போல ஆகிவிடுகிறது. மாதம் நான்கு நாள் இருந்த வலி, எட்டாகி, பதினைந்தாகி, கடைசியில் வலி இல்லாத நாள் எது என்று யோசிக்க வேண்டிய நிலைக்கு வந்தவர்கள் என் கடைக்கு வருகிறார்கள். அவர்களிடம் போய் "தாங்க முடியாத நாளில் ஒரு மாத்திரை" என்று எழுதினால், தினமும் தாங்க முடியாத நாள்தானே அவர்களுக்கு?

வலி வந்த பிறகு அடக்குவது ஒன்று, வராமல் தடுப்பது இன்னொன்று. இந்த இரண்டாவது இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. புரோப்ரனலால், அமிட்ரிப்டிலின், ஃப்ளூனாரிசின், டோபிரமேட் என்று பழைய தடுப்பு மாத்திரைகள் இருக்கின்றன. பெரும்பாலும் விலை மலிவு. எதற்கும் டாக்டர்தான் ஆளைப் பார்த்து எழுத வேண்டும். ஆஸ்துமா உள்ளவருக்கு புரோப்ரனலால் ஆகாது. டோபிரமேட்டும், வால்ப்ரோயேட் என்ற இன்னொரு தடுப்பு மருந்தும் கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடியவை. பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் அதை டாக்டரிடம் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு வாரத்தில் பலன் தெரியவில்லை என்று நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு மூன்று மாதம் ஆகும் என்பதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். அமிட்ரிப்டிலின் அட்டையைப் பார்த்துவிட்டு, "இது மன அழுத்தத்துக்குக் குடுக்கற மாத்திரையாமே, கூகுள்ல போட்டிருக்கு, எனக்கென்ன பைத்தியமா" என்று திருப்பிக் கொண்டுவந்த ஒரு மில் சூப்பர்வைசர் எனக்கு நினைவுக்கு வருகிறார். மன அழுத்தத்துக்குக் கொடுப்பதைவிடக் குறைந்த அளவில், நரம்பின் வலியுணர்வைக் குறைக்கத்தான் இதைக் கொடுக்கிறார்கள் என்று விளக்கியதும் வாங்கிக்கொண்டு போனார்.

பழைய மாத்திரைகளெல்லாம் வேறு நோய்க்கு வந்து, மைக்ரேனுக்கும் உதவும் என்று பிறகு தெரிந்தவை. மைக்ரேனுக்கென்றே, சிஜிஆர்பியைக் குறிவைத்துச் செய்த தடுப்பு மருந்து 2018ல்தான் வந்தது. எரனுமாப் என்ற ஊசி, மாதம் ஒரு முறை தோலுக்கடியில் போடுவது. சிஜிஆர்பி போய் உட்காரும் இடத்தை அடைக்கிறது. அதே ஆண்டு வந்த ஃப்ரெமனெசுமாப், கல்கனெசுமாப் இரண்டும் சிஜிஆர்பியையே பிடித்துவிடுகின்றன. ரிமெஜிபேன்ட், அட்டோஜிபேன்ட் என்று மாத்திரைகளும் வந்துவிட்டன. டிரிப்டானைப் போல ரத்தக் குழாயை இறுக்காதவை இந்த மாத்திரைகள். ஒரு நடுத்தரமான எதிர்பார்ப்பு வேண்டும். எரனுமாப் ஆய்வில் மாதம் எட்டு நாளுக்குக் கொஞ்சம் அதிகமாக மைக்ரேன் இருந்தவர்களுக்கு, 140 மில்லிகிராம் ஊசியில் சராசரியாக 3.7 நாள் குறைந்தது, போலி ஊசியில் 1.8 நாள். வலி நாட்கள் பாதிக்குப் பாதி குறைந்தவர்கள் இரண்டில் ஒருவர். மற்றவருக்கு அந்த அளவு பலன் கிடைக்கவில்லை. மலச்சிக்கல் வரலாம், சிலருக்கு ரத்த அழுத்தம் ஏறலாம். ஊசி மருந்து உடம்பில் பல வாரம் தங்குவதால் குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் மாதக்கணக்கில் முன்பே நிறுத்த வேண்டும்.

2024 மார்ச்சில் அமெரிக்கத் தலைவலிச் சங்கம், பழைய மாத்திரைகள் தோற்கும் வரை காத்திருக்க வேண்டாம், இந்த மருந்துகளை முதலிலேயே தரலாம் என்று அறிவித்தது. இங்கே நம் பூக்காரப் பெண்ணுக்கு அது எட்டாத விலை. அவர் மாதம் முழுக்கப் பூ விற்றாலும் இந்த ஊசியைத் தொடர்ந்து போட முடியாது. இது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது. ஆனால் புது மருந்து கிடைக்காவிட்டால் ஒன்றுமே கிடைக்காது என்று அவர் நினைக்கக் கூடாது என்பதற்காகத்தான் மலிவான தடுப்பு மாத்திரைகளைப் பற்றி இவ்வளவு எழுதினேன்.

இது நாலு பேருக்கு வரும் நோய் என்று நினைக்க வேண்டாம். நம் பெங்களூரைச் சுற்றியே, மனநலத்துக்கும் நரம்பியலுக்குமான மருத்துவமனையான நிம்ஹான்ஸின் ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்து 2015ல் வெளியிட்டார்கள். பெரியவர்களில் ஓராண்டில் மைக்ரேன் வந்தவர்கள் 25.2 சதவீதம். நாலில் ஒருவர். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். மாதவிடாய்க்கு முன்பு ஈஸ்ட்ரோஜன் சரியும் நாட்களில் பலருக்கு இது வருகிறது. உலக அளவில் 50 வயதுக்குட்பட்ட பெண்களை முடக்கிப்போடும் நோய்களில் இதுதான் முதலிடம். இவ்வளவு பெரிய கணக்கு நம் வீட்டுவாசலிலேயே எடுக்கப்பட்டிருக்கிறது, உங்கள் கட்டுரையில் அதற்கு ஒரு வரி இல்லை.

நிம்ஹான்ஸ் என்றதும் இன்னொரு வேதனை. ஓசூர் ரோட்டில், நம் தெருவிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறது. அங்கே நரம்பியல் பிரிவு இருக்கிறது, நாடெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஆனால் போகச் சொன்னால், "ஐயோ அக்கா, அங்கேயா? ஊர் என்ன சொல்லும்" என்பார்கள். கல்யாணம் ஆக வேண்டிய பெண் என்றால் கேட்கவே வேண்டாம். பெண் பார்க்க வருகிற இடத்தில் மைக்ரேன் என்ற பேச்சையே எடுக்க மாட்டார்கள். அந்த இடத்துக்குப் போய்வந்தது தெரிந்தால் சம்பந்தம் தட்டிப்போகும் என்று பயம். மனநோய்க்கு மருத்துவம் பார்ப்பதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் இது நரம்பு நோய், அதற்கான டாக்டர் அங்கே இருக்கிறார் என்பது தெரியாமலே எத்தனை பெண்கள் இருட்டறையில் படுத்துக் கிடக்கிறார்கள்! மைக்ரேனுக்கு மனக்கவலைதான் காரணம் என்று எழுதும் ஒவ்வொரு பேனாவும் அந்தப் பயத்தை இன்னும் கொஞ்சம் கெட்டியாக்குகிறது.

தையல் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்கள் சொல்வதைக் கேட்டால் நெஞ்சு பதைக்கும். வரிசையில் ஒருத்தி எழுந்து போனால் அந்த லைன் முழுக்க நின்றுவிடும் என்று, வாந்தி எடுத்துவிட்டு வந்து மறுபடி மிஷினில் உட்காருகிறார்கள். தலைவலிக்கெல்லாம் லீவா என்று கேட்கிறார்களாம். காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்த்து நம்புகிறார்கள். இதற்குத் தொட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை என்பதால் பொய் என்றாகிவிடுகிறது. அவர்கள் கழுத்துச் சிரையில் அந்த நேரத்தில் ஏறியிருக்கும் சிஜிஆர்பியை யார் வந்து காட்டுவது?

ஒரு எச்சரிக்கையையும் சேர்த்தே எழுத வேண்டும். எல்லாத் தலைவலியும் மைக்ரேன் அல்ல. இதுவரை வந்திராத பயங்கர வலி இடி விழுந்ததுபோல் ஒரே நொடியில் வந்தால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், கை கால் மரத்துப் பேச்சு குழறினால், 50 வயதுக்கு மேல் முதல்முறையாக ஒரு புதுத் தலைவலி தொடங்கினால், தலையில் அடிபட்ட பின் வலி கூடிக்கொண்டே போனால் மருந்துக்கடைக்கு வராதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பார்வையில் கோணல்மாணல் வெளிச்சக் கோடுகள் ஓடி, அரை மணி நேரத்தில் மறைந்து, பிறகு தலைவலி வருவது மைக்ரேனின் ஒரு வகை. கண்ணாடிக்கடைக்குப் போய்ப் பவர் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் இதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். இந்த வகை உள்ள பெண்கள் கருத்தடை மாத்திரை சாப்பிடும் முன் கட்டாயம் சொல்ல வேண்டும். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை அவர்களுக்குப் பக்கவாத ஆபத்தைக் கூட்டும்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். அந்தக் கட்டுரைக்கு அதே ஞாயிறு பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். ஒரு நரம்பியல் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். மாதம் 10 நாள், 15 நாள் என்ற அந்த மாத்திரைக் கணக்கைக் கட்டம் கட்டிப் போடுங்கள், வெட்டி என் கடைக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறேன், மற்ற மருந்துக்கடைக்காரர்களிடமும் கொடுக்கிறேன். தலைவலி நாள், போட்ட மாத்திரை, மாதவிடாய் நாள் மூன்றையும் குறித்துக்கொள்ள ஒரு சின்ன அட்டவணை அச்சிட்டால் இன்னும் நல்லது. காலண்டர் தாளில் நானே கோடு போட்டு எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் முன் உட்காரும் பெண்ணிடம் "ரொம்ப யோசிக்காதே" என்று சொல்லி அனுப்புவது அவ்வளவு சுலபமில்லை.

பூக்காரப் பெண் இப்போது அந்த அட்டவணையில் குறித்து வருகிறார். எழுதப் படிக்க அதிகம் வராது, தலைவலி நாளுக்குப் புள்ளியும் மாத்திரை போட்ட நாளுக்குச் சுழியும் போடுகிறார். அடுத்த வாரம் நிம்ஹான்ஸ் வெளிநோயாளி பிரிவுக்குப் போகலாம் என்று கணவரும் ஒத்துக்கொண்டிருக்கிறார். உங்கள் திருத்தம் அதற்குள் வந்துவிட்டால், மாமியாரிடம் காட்ட ஒரு பிரதி நான் எடுத்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
ச. மங்கையர்க்கரசி
மருந்தாளுநர், அல்சூர், பெங்களூரு